எட்டாவது மதில்

ஸ்ரீரங்கத்துக்கு ஏழு மதில். அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்தர வீதி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி உள்ளே போனால்தான் பெரிய பெருமாள் கண்ணில் படுவார். ஏழும் எழுந்து நிற்பதற்குள் எத்தனையோ அரச வம்சங்கள் வந்துபோயின. எட்டாவதற்கு ராஜா யாரும் தேவைப்படவில்லை. ஞானஸ்நானம் வாங்கியவர்களே போதுமாக இருந்தார்கள். காவிரிக்குத் தெற்கே, மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையின் குறுக்கே அதை எழுப்பினார்கள். தலித் கிறிஸ்தவர் செத்தால் சுவருக்கு ஒரு பக்கம், மற்றவர் செத்தால் மறுபக்கம். 2010இல் பி.பி.சி. அதை உலகத்துக்குக் காட்டியபோது சுவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய இந்தியச் சுதந்திரத்தின் வயது. இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

திருச்சிக்காரர்களுக்கு மேலப்புதூர் இரண்டு காரணங்களுக்காகத் தெரியும். ஒன்று, நல்ல மழை பெய்தால் குளமாகிவிடும் சுரங்கப்பாதை. மற்றது, புனித மரியன்னை பேராலயம், ஆயரின் இருக்கை இருக்கிற கோயில். ஆக, இந்தச் சுவர் பங்குத்தந்தை மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் போய்வரும் ஏதோ ஒரு காட்டு ஊரில் எழும்பவில்லை. மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் இருக்கிற அதே பேட்டையில் எழும்பியது. செங்கல் வண்டி வந்த சத்தமும் சாந்து குழைத்த சத்தமும் யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது. பூசைமணி அவ்வளவு பலமாக அடித்திருக்கும்.

சுவருக்கு ஆதரவாக நானே பேசிப் பார்க்கிறேன். யாராவது பேச வேண்டுமே. அதைக் காப்பாற்றி வந்தவர்கள் எவரும் வாயைத் திறந்து ஒரு நியாயம் சொன்னதில்லை. "அதெல்லாம் அந்தக் காலத்துல கட்டுனது சார், இப்ப யாரு அதையெல்லாம் பாக்குறா" என்பதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். யாரும் பார்க்காத சுவரை இடித்தால் யாருக்கு வலிக்கும் என்று திருப்பிக் கேட்டால், அவசரமாக எங்கேயோ போக வேண்டியிருக்கும்.

உண்மையான சிக்கல் உயிர்ப்பு நாளில் வருகிறது. எக்காளம் ஊதும். கல்லறைகள் திறக்கும். நெடுநாள் தூங்கி எழுந்தவருக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். பக்கத்தில் நிற்பவர் யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க அவகாசம் இருக்காது. தடுமாற்றத்தில் யாருடைய தோளையாவது பிடித்துவிட்டால் என்ன செய்வது? உயிர்த்தெழுந்த உடலுக்குத் தீட்டுக் கழிக்கிற சடங்கு திருச்சபைப் புத்தகம் எதிலும் இல்லை. சுவர் இருந்தால் இந்தத் தொல்லை வராது. அவரவர் பக்கத்தில் அவரவர் வரிசையாக எழுந்து, உடம்பின் மண்ணைத் தட்டிவிட்டு, தன் ஆட்களா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். மேகத்தின்மேல் வருகிறவர் முதலில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதைப் பங்குப் பேரவை இப்போதே தீர்மானம் போட்டு வைப்பது நல்லது. கடைசி நேரத்தில் அவருக்குக் குழப்பம் வரக் கூடாது.

செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்கும் வேலை என்னுடையது என்று அவர் சொல்லியிருந்தார். எதை வைத்துப் பிரிப்பேன் என்பதையும் மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்தில் விளக்கமாகச் சொல்லிவிட்டார். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, ஊர் பேர் தெரியாமல் வந்து நின்றவனை வீட்டுக்குள் சேர்த்தாயா என்று கேட்பாராம். எத்தனை ஜெபமாலை சொன்னாய், திருவிழா உபயத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லை. மேலப்புதூரில் சுவர் எழுப்பியவர்கள் அவருடைய வேலையைச் சுலபமாக்கி, பிரிப்பதை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். அளவுகோலை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.

மண்ணுக்கு மேலே இவ்வளவு ஏற்பாடு. கீழே நிலைமை மோசம். கரையானுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை. வேப்பமர வேர் அனுமதி கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போவதில்லை. காவிரி ஊற்று ஒரு கல்லறையை நனைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது கால் கழுவிக்கொள்வதில்லை. அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாகப் போட்டிருக்க வேண்டும்.

போகட்டும், உயிரோடிருப்பவர்களைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போங்கள். வாசலில் வரவேற்புக் குழு நிற்கும். பண்டிகை நாளென்றால் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டு. "வாங்க வாங்க, உள்ளே போங்க, ஃபேன் பக்கம் இடம் இருக்கு." பங்கு முழுவதும் அன்பியங்கள் என்ற சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அன்பிலிருந்து செய்த சொல், அழகான சொல். அன்பியம் தெருவாரியாகப் பிரியும், தெருவோ எப்போதோ சாதிவாரியாகப் பிரிந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு சாதிக்கும் ஓர் அன்பு, ஒரு புனிதரின் பெயரோடு. பாலக்கரையிலும் புத்தூரிலும் உறையூரிலும் வீடு வாடகைக்குப் பார்க்க அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருக்குடும்பப் படம் மாட்டிய நிலைக்கதவுக்குப் பின்னாலிருந்து வரும் கேள்வி, வேறு படம் மாட்டிய வீடுகளில் வரும் அதே கேள்விதான்: "நீங்க எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இவ்வளவு ஆர்வம். இதைத்தான் பிறரிடம் கவனம் செலுத்துவது என்று மறையுரையில் சொல்கிறார்களோ என்னவோ.

பூசையில் சமாதானம் பரிமாறும் கட்டம் ஒன்று உண்டு. மற்ற நாடுகளில் கை குலுக்குவார்கள், சில இடங்களில் கட்டிக்கொள்வார்கள். நம் ஆயர்கள் 1969இல் ரோமாபுரியிடம் அனுமதி பெற்ற பன்னிரண்டு இந்தியத் தழுவல்களில் கைகூப்புவதும் ஒன்று. கூப்பிய கைக்குள் மற்றவர் கை வைக்கலாம் என்றும் அதில் இடம் இருந்தது. பழக்கத்தில் கைகூப்பல் நிலைத்தது, கை வைப்பது போய்விட்டது. இந்தியப் பண்பாடு என்று இதற்குப் பெயர். இருக்கட்டும், கும்பிடுவது நல்ல வழக்கம், நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் தொட வேண்டிய ஒரே நிமிடத்தையும் தொடாமல் முடித்துக்கொள்ள இவ்வளவு நேர்த்தியான வழியைத் தந்த பண்பாட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்கிறேன்.

யாக்கோபு எழுதிய திருமுகத்தில் ஒரு காட்சி வருகிறது. பொன்மோதிரக்காரர் ஒருவர் சபைக்குள் வருகிறார், அவருக்கு நல்ல ஆசனம். அழுக்குத் துணிக்காரர் வருகிறார், அவருக்கு நிற்க இடம், அல்லது கால்மாட்டில் தரை. இப்படிச் செய்தால் நீங்கள் கெட்ட எண்ணமுள்ள நீதிபதிகள் என்கிறார் யாக்கோபு. அந்த வாசகத்தை நம் கோயில்களில் வாசித்துவிட்டு, 'இது ஆண்டவரின் அருள்வாக்கு' என்று முடித்து, முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்திருக்கும் உபயதாரரைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டு இறங்கிப் போவார்கள்.

நம்முடைய வரவேற்பு நேற்று முளைத்ததில்லை. நானூறு ஆண்டு மெருகு ஏறியது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்தார். காவி, பாதக்குறடு, சைவச் சாப்பாடு. தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஐயராக இருப்பவர் சேரிக்குப் போனால் ஐயராக இருக்க முடியாதே. அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தாவில் தொடங்கி, மற்றச் சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்றொரு தனி வகைக் குருக்கள் வந்தார்கள். ஒரே சபை, ஒரே வேதம், இரண்டு கதவு.

போப்பாண்டவர் 14ஆம் பெனடிக்ட் 1744இல் ஒரு கண்டிப்பான ஆணை போட்டார். பறையர் வீட்டுக்குள் குருக்கள் நுழைந்து, சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும், வாசலுக்கு வெளியே தூக்கிவரச் சொல்லக் கூடாது. சாகிறவரைத் தெருவுக்குத் தூக்கிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை அந்த ஆணையிலிருந்துதான் நாம் தெரிந்துகொள்கிறோம். இந்தக் கண்டிப்புக்கு இங்கிருந்து போன பதில் இதுதான்: அப்படியே செய்கிறோம், அதற்கென்றே தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுகிறோம். போப்பும் ஒப்புக்கொண்டார். வீட்டுக்குள் போ என்றால், போவதற்கு வேறு ஆளை நியமிப்பது. உலகத்தின் எந்த அலுவலகமும் இதைவிடச் சிறந்த கோப்புக் குறிப்பை எழுதியதில்லை.

வருகிறவர் வேறு மாதிரி ஆளாக இருந்தால் வரவேற்பும் வேறு மாதிரி இருந்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரியில், அந்த நூற்றாண்டின் கடைசியில் சில பிராமண மாணவர்கள் மனம் மாறி வேதத்தில் சேர்ந்தார்கள். வீட்டாரும் அக்கிரகாரமும் அவர்களைத் தலைமுழுகியதும் இயேசு சபையார் தவிக்க விடவில்லை. செயின்ட் மேரீஸ் தோப்பு என்று அவர்களுக்கெனத் தனிக் குடியிருப்பே உண்டாக்கினார்கள். அந்த இளைஞர்கள் இழந்தது பெரிது, அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. நான் எண்ணிப் பார்ப்பது கணக்கை மட்டும். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் வந்தபோது ஒரு தோப்பு. ஆயிரக்கணக்கில் வந்தவர்களுக்கு ஒரு சுவர். இரண்டும் தனி இடம்தானே என்று கேட்பவர் இருக்கக் கூடும். இருக்கிறார்கள்.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் இந்த இடத்தில் சிரிக்க வேண்டாம். 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்து, இங்கேயே புனித யோவான் ஆலயத்தில் அடக்கமான பிஷப் ஹீபர், சாதியைச் சமூக வழக்கமாக எண்ணி விட்டுப்பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தவர். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் போக வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கூட்டம் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார இடம் கொடுப்பதைவிட மோட்சத்தையே விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள்.

இனி வடக்கன்குளம். திருநெல்வேலிச் சீமையில் இருந்தாலும் அன்று அது திருச்சி ஆயரின் ஆளுகைக்குள் இருந்தது. 1872இல் அங்கே எழுந்த கோயிலுக்கு இரண்டு நடுமண்டபங்கள். பீடத்தில் வந்து சேரும், நடுவில் சுவர். வேளாளர் ஒரு கால், மற்றவர் இன்னொரு கால். கால்சட்டைக் கோயில் என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. கடவுள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டு காலையும் ஆசீர்வதித்தார். 1910 வாக்கில் கௌசானெல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். விடுவார்களா? மைக்கேல் பிள்ளை எதிர் பிஷப் பார்த் என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வாதியின் பெயரை இன்னொரு முறை வாசியுங்கள். முன்பாதி சம்மனசு, பின்பாதி சாதி. வழக்கு தோற்றது. சாதி உயர்வைக் காட்டி ஒரு கத்தோலிக்கக் கோயிலில் தனியிடம் கேட்கும் உரிமையை வெள்ளைக்கார அரசின் நீதிமன்றமே ஏற்க மறுத்துவிட்டது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுவரை இடிக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு என்று அச்சிட்ட தீர்ப்பு, திருச்சி ஆயரே பிரதிவாதியாக நின்று ஜெயித்த தீர்ப்பு, 1917லேயே கையில் இருந்தது. அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் மேலப்புதூர்ச் சுவர் எழும்புகிறது. கோயிலுக்குள் சாதி தோற்றதும் கல்லறைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வழக்குப் போட எவரும் எழுந்து வரமாட்டார்கள் அல்லவா? தலித் அமைப்புகள் இடிக்கச் சொல்லிப் போராடத் தொடங்கியதும் பட்டாவும் பத்திரமும் பேச்சில் வந்தன. நிலம் யார் பெயரில், உரிமை யாருக்கு, எந்தத் துறையில் அனுமதி. சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து, அதில் தொங்கியவரின் சட்டைக்குச் சீட்டுப் போட்டவர்களுக்கும் சொத்து விவகாரத்தில் இதே அக்கறை இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் ஒரு தீர்மானம் போட்டது. எல்லா நிறத்தாரும் ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை உத்தேசித்துத் தனித்தனியாக வழிபடலாம். அந்தப் பலவீனம் வளர்ந்து ஒரு நாட்டின் சட்டமாகவே ஆனது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறிக்கு வேதத்தில் நியாயம் தேடுவதைப் பதிதம் என்று அறிவித்தது. பதிதம் சின்னச் சொல் இல்லை. திரித்துவத்தை மறுத்தவர்களுக்கும் கிறிஸ்துவின் தெய்வீகத்தை மறுத்தவர்களுக்கும் பயன்படுத்திய சொல். நம் ஊரில் அதே காரியத்துக்கு உள்ளூர் வழக்கம் என்று பெயர். ஒரு பெண் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அரைமணி நேரம் விசாரணை நடக்கும். பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் வைத்தவன் நேரே வந்து நற்கருணைக்கு நாக்கை நீட்டலாம்.

ஆகஸ்ட் 10ஆம் தேதியை நம் திருச்சபை கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. 1950இல் அந்த நாளில்தான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி இந்து அல்லாதவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தார்கள், கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை எனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டவில்லை என்று 1985இல் நீதிமன்றம் கைவிரித்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஞானஸ்நானம் வாங்கிய மறுகணம் பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். தண்ணீரை விட்டுக் கழுவினால் சாதி போகாது என்பது ஊருக்கே தெரியும், சலுகை மட்டும் போய்விடும் என்பது அரசாங்கத்தின் இறையியல். சதி வெளிப்படையானது. கறுப்புக் கொடி பிடிப்பது நியாயம்.

ஆனால் கொடி பிடிக்கும் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆகஸ்டில் டெல்லியைப் பார்த்து, எங்கள் மதத்திலும் சாதி இருக்கிறது, தலித் கிறிஸ்தவர்கள் படும் பாட்டைப் பாருங்கள் என்கிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். செவ்வந்தி மாலை, மெழுகுவர்த்தி, சாம்பிராணி, தீர்த்தச் செம்போடு குருவானவர். சுவருக்கு இந்தப் பக்கம் தெளித்துவிட்டு அந்தப் பக்கமும் போய்த் தெளிக்க வேண்டும். அன்றைக்கு யாராவது கேட்டால், எங்களுக்குள் சாதி ஏது, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று. மூன்றே மாதத்தில் குணமாகிற நோய் இது. சூசையிடம் சான்று கேட்டதே உச்ச நீதிமன்றம், அதற்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சான்றைத் திருச்சியிலேயே கட்டி வைத்திருந்தோம். எடுத்துக் காட்டுவதற்கு வெட்கமாக இருந்திருக்கும். வெட்கமாவது இருந்ததே என்று ஆறுதல்பட வேண்டியதுதான்.

காகிதத்துக்குக் குறை வைக்கவில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமாபுரி போயிருந்தபோது, போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாடு மெய்யான ஆன்மிகத்துக்கே ஆபத்து என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணம் வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை நிலவுவதைத் தானே ஒப்புக்கொண்டது. 2022 மே 15ஆம் தேதி தேவசகாயம் புனிதரானார். அதற்கு முன் எழுந்த ஆட்சேபத்தை ஏற்று, வத்திக்கான் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்தது. எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதும் குற்றமாகச் சொல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். பீடத்தில் ஏற அவர் கழற்ற வேண்டியிருந்த பட்டத்தை, அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிற எத்தனை பேர் கல்யாணப் பத்திரிகையிலும் கல்லறைக் கல்லிலும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள்!

இதற்கு ஸ்ரீரங்கத்தைக் குறை சொல்ல முடியாதா என்று அக்கரையைப் பார்த்துக் கைநீட்டுவது வழக்கம். எல்லாம் அவங்க கிட்டேருந்து வந்ததுதான் என்பார்கள். சொல்லலாம், நிறையவே சொல்லலாம். ஆனால் அந்தத் தீவில் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. உறையூர்ப் பாணர் ஒருவர் தீண்டக் கூடாதவர் என்பதால் கோயிலுக்குப் போகாமல் ஆற்றங்கரையில் நின்று யாழோடு பாடிக்கொண்டிருந்தார். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் வழிவிடச் சொன்னார். தன்னை மறந்து நின்றவர் காதில் விழவில்லை. முனிவர் கல்லெறிந்தார், பாணருக்கு ரத்தம். அன்றிரவு பெருமாள் முனிவருக்கு இட்ட கட்டளை, போய் மன்னிப்புக் கேள் என்பதோடு நிற்கவில்லை. உன் தோளில் சுமந்து என் சந்நிதிக்குள் கொண்டுவா என்றார். கல்லெறிந்த அதே ஆள், தன் உடம்பால், எல்லார் கண்ணெதிரிலும். அப்படி உள்ளே போனவர்தான் திருப்பாணாழ்வார்.

இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்களும் கதவைத் திறக்கவில்லை. 1939இல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. டெல்லி சுல்தானின் மகள் பெருமாளைத் தேடி வந்து சேர்ந்ததாக ஐதிகம். அவளுக்காக ரங்கநாதருக்கு ரொட்டி நிவேதனமாகிறது. வந்தவளின் சாப்பாட்டைத் தன் சாப்பாடாக்கிக்கொள்கிற தெய்வமும், உள்ளூர்க்காரனைத் தெருவில் நிறுத்துகிற ஊரும் ஒரே மதிலுக்குள் குடியிருந்திருக்கிறார்கள். இருந்தும் அங்கே கல்லெறிந்தவன் சுமந்தான் என்று ஒரு கதையாவது இருக்கிறது. திருச்சியில் சுவர் எழுப்பியவர் எவரும் எவரையும் சுமந்ததாகக் கதைகூட இல்லை. தோளில் சுமந்தது சப்பரம் மட்டும். சப்பரத்தில் இருந்த மாதா எந்தெந்தத் தெருவுக்குள் போகலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு.

சப்பரம் என்றதும் கோட்டப்பாளையம். திருச்சி மாவட்டம், துறையூர்ப் பக்கம், கும்பகோணம் மறைமாவட்டத்தின் பங்கு. கல்லறையில், திருவிழாவில், கோயில் நிர்வாகத்தில் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று அங்குள்ள தலித் கிறிஸ்தவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. ஆக, இது தாத்தா காலத்து விவகாரம் இல்லை. அந்தக் கோயிலின் பாதுகாவலி மகதலா மரியாள். ஊர் பழித்த பெண் என்று பிற்காலம் முத்திரை குத்திய அவள்தான் விடியுமுன் கல்லறைக்கு ஓடியவள், அது திறந்து கிடந்ததைக் கண்டவள், உயிர்த்தவரை முதலில் சந்தித்தவள். அவள் பெயர் தாங்கிய ஊரில் கல்லறைக்குள் யாருக்கு எவ்வளவு இடம் என்பதை டெல்லியில் நீதிபதிகள் தீர்மானிக்க வேண்டும்.

இயேசுவுக்குச் சொந்தமாகக் கல்லறை கிடையாது. அரிமத்தேயா ஊர் யோசேப்பு தனக்கென்று பாறையில் குடைந்து வைத்திருந்ததில் கிடத்தினார்கள். மரண தண்டனை பெற்ற குற்றவாளியின் சடலம், ரத்தம் காயாதது, ஓய்வுநாள் நெருங்கும் நேரம், தொட்டால் தீட்டு. பெரிய மனிதரான யோசேப்பு அவ்வளவும் தெரிந்துதான் தன் குழியைக் கொடுத்தார். அவர் மேலப்புதூரில் இருந்திருந்தால் சொந்தக்காரர்கள் அன்றே பஞ்சாயத்தைக் கூட்டியிருப்பார்கள். 'நாளைக்கு நம்ம அப்பாவை எங்கே வைப்பது?'

வேதாகமத்தில் இன்னொரு நிலமும் வருகிறது. யூதாஸ் திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக்காசை என்ன செய்வது என்று தலைமைக் குருக்களுக்குக் குழப்பம். ரத்தப் பணம், காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது. கூடிப் பேசி ஒரு குயவன் நிலத்தை வாங்கினார்கள், ஊர் பேர் தெரியாத அந்நியர்களை அடக்கம் செய்வதற்கு. கிறிஸ்துவைக் காட்டிக்கொடுத்த பணமும் அவரைக் கொல்லக் கொடுத்தவர்களின் கையும் சேர்ந்து, அந்நியனுக்கு மண்ணில் ஓர் இடம் ஏற்படுத்திக் கொடுத்திருக்கின்றன. குறுக்கே சுவர் வைத்ததாக மத்தேயு எழுதவில்லை. வரவேற்பில் யூதாஸின் கூலி எட்டிய இடத்தை, ஞாயிறு தவறாமல் தட்டில் விழும் காணிக்கை திருச்சியில் எட்டவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தமிழ்நாட்டில் குழி வெட்டும் கை பெரும்பாலும் யாருடையது? மண்வெட்டியோடு வந்தால் அந்தக் கைக்குச் சுவர் எதுவும் தடையாக இருந்ததில்லை. கூலி வாங்கிக்கொண்டு இறங்கி, ஆறடி ஆழத்தில் நின்று, மேல்சாதி மண்ணை முழங்கால் வரை பூசிக்கொண்டு வெளியே வரலாம். அந்த மண்ணிலேயே படுக்கத்தான் கூடாது. உயிரோடு தொட்டால் ஒட்டாத தீட்டு செத்த பிறகு எப்படி ஒட்டுகிறது என்று எந்தக் குருமடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

தீர்வு கடினமில்லை. ஆய்வு வேண்டாம், மறையுரை வேண்டாம், 'அனைவரையும் வரவேற்போம்' என்று ஃபிளக்ஸ் வேண்டாம். கல்லறைப் புத்தகத்தில் வரிசை எண் இருக்கிறது. மறைமாவட்டத்தின் ஒவ்வொரு கல்லறையிலும் செத்த வரிசையில் புதையுங்கள். செவ்வாய்க்கிழமை செத்தவருக்குப் பக்கத்தில் வியாழக்கிழமை செத்தவர். சாதி, தெரு, உபயம் எதையும் கேட்கத் தேவையில்லை, தேதி போதும். ஆயரின் ஒற்றை வரிக் கடிதம் இதற்குப் போதும். மறுக்கிற குடும்பத்திடம், அவர்கள் எவ்வளவு பெரிய உபயதாரர்களாக இருந்தாலும், வேறு கல்லறை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். இவ்வளவு நாளும் மற்றவர்களிடம் அதைத்தானே சொன்னோம்?

எழுத மாட்டார்கள். குழு அமைப்பார்கள். இரு தரப்பிலும் ஆள் எடுப்பார்கள். பேரவைக் கூடத்தில் முதல் கூட்டம், வாசலில் சந்தனம், கல்கண்டு. ஆரம்ப ஜெபம் முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலர் எழுந்து, எந்தத் தரப்பு எந்தப் பக்க நாற்காலியில் உட்கார வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு வழிகாட்டுவார்.